ஏற்காட்டில் ஒரு காலை நடை: ஊருக்கு வருகிறவர்களுக்கு

நியூஜெர்சியில் வளரும் என் மகளை முதல் முறை ஏற்காட்டுக்குக் கூட்டிப்போனபோது, வண்டியை விட்டு இறங்கியதும் கேட்டாள்: "அப்பா, டிரெயில் எங்க ஆரம்பிக்குது?" அவள் கேட்டதில் தப்பில்லை. அங்கே காட்டு நடை என்றால் கார் நிறுத்த இடம் இருக்கும், வரைபடப் பலகை இருக்கும், மரத்துக்கு மரம் நீலப் பொட்டு வைத்திருப்பார்கள். பொட்டைப் பார்த்துக்கொண்டே போனால் கிளம்பிய இடத்துக்கே வந்து சேரலாம். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் பலகை என்று கண்ணில் படுவது பெரும்பாலும் ரிசார்ட் விளம்பரம்தான்.

ஆனால் சுற்றி வர ஒரு பாதை இருக்கிறது. ஏரிக்கரையில் தொடங்கி, காப்பித் தோட்டங்களையும் மலைக் கிராமங்களையும் தொட்டுக்கொண்டு, மறுபடி ஏரிக்கே வந்து சேரும் 32 கிலோமீட்டர் லூப் ரோடு. முழுசாக நடக்கச் சொல்லவில்லை. வண்டியில் சுற்றுங்கள், மரநிழல் கவிந்த இடமாகப் பார்த்து இறங்கி, டிரைவரை இரண்டு மூன்று கிலோமீட்டர் முன்னால் போய் நிற்கச் சொல்லிவிட்டு நடங்கள். இப்படி இரண்டு முறை செய்தால் காலைப் பொழுது நிறைந்துவிடும். ஏற்ற இறக்கம் இருந்தாலும் மூச்சு வாங்காது. எழுபது வயது அம்மாவும் ஒன்பது வயதுப் பையனும் எங்களோடு நடந்திருக்கிறார்கள்.

டிரைவரிடம் இதை முந்தின நாளே சொல்லி, காத்திருப்புக்கும் சேர்த்து வாடகையைப் பேசிவிடுங்கள். இல்லாவிட்டால் "அதுல பார்க்க ஒண்ணுமே இல்லீங்க, பாயிண்ட் எல்லாம் காட்டறேன்" என்று லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், ரோஸ் கார்டன் என வரிசையாக இறக்கி ஏற்றிவிடுவார். லேடீஸ் சீட்டை நான் குறை சொல்ல மாட்டேன். இருட்டின பிறகு அங்கே நின்றால் கீழே சேலம் முழுவதும் விளக்காகத் தெரியும். மற்றதெல்லாம் கூட்டத்தைப் பொறுத்தது.

சேலத்திலிருந்து அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம் வழியாக ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர்தான், ஆனால் வெறும் வயிற்றிலும் ஏறக்கூடாது, பூரி மசாலாவோடும் ஏறக்கூடாது. இரண்டு இட்லி போதும். பையில் எலுமிச்சம்பழமும் ஒரு காகிதப் பையும் இருக்கட்டும். வளைவுகளைப் பார்த்து பயப்படுகிறவர்களுக்குக் குப்பனூர் வழியாக இன்னொரு சாலை இருக்கிறது. மே மாதக் கோடை விழா சமயத்தில் ஒன்றை ஏறவும் மற்றதை இறங்கவும் ஒருவழியாக்கிவிடுவது உண்டு. அந்த நாட்களில் நடக்க நினைக்கவே வேண்டாம்.

சாலையின் இரண்டு பக்கமும் நெட்டையாக நிற்பவை சில்வர் ஓக் மரங்கள். காப்பிக்கு நிழல் தருவதற்காக நட்டது. அவற்றின் மேல் மிளகுக்கொடி ஏறியிருக்கும். கீழே காப்பிச்செடி, ஊடே பலாவும் ஆரஞ்சும். காடு மாதிரி தெரியும், ஆனால் முக்கால்வாசி தோட்டம். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து வைத்த காப்பியில் ஆரம்பித்தது இது. டிசம்பர் விடுமுறையில் வருகிறவர்களுக்கு யோகம்: செடியில் பழம் சிவந்திருக்கும், கூடையோடு பெண்கள் பறித்துக்கொண்டிருப்பார்கள். கேட்டால் ஒரு பழம் தருவார்கள். வாயில் போட்டுச் சப்பினால் மெல்லிய இனிப்பு. கொட்டையைத் துப்பிவிட வேண்டியதுதான். என் மகள் அதில் காப்பி வாசனையைத் தேடி ஏமாந்தாள். மார்ச், ஏப்ரலில் ஒரு மழை பெய்துவிட்டால் சில நாட்களில் செடியெல்லாம் வெள்ளையாகப் பூத்து, மல்லிகை மாதிரி மணக்கும். ஜூலை, ஆகஸ்டில் வருகிறவர்களுக்குப் பூவும் கிடையாது, சிவந்த பழமும் கிடையாது; மேகம் இறங்கி வந்து சாலையை மூடும். அதுவும் அழகுதான், குடையும் ஒரு செட் மாற்றுத்துணியும் இருந்தால்.

பக்கத்தில் பிரியும் மண்பாதைகளைப் பார்த்தால் கால் இழுக்கும். யாரையும் கேட்காமல் இறங்காதீர்கள். இங்கே ஒவ்வொரு பாதையும் ஒருவருடையது: எஸ்டேட், வனத்துறை, இல்லையென்றால் ஊர். ஒருமுறை போனில் வரைபடம் காட்டிய வழியே ஒரு தோட்டத்துக்குள் போய்விட்டேன். பனிமூட்டத்தில் எல்லா வரிசையும் ஒரே மாதிரி. வரைபடத்தில் பாதை என்று இருந்த இடத்தில் பூட்டிய கேட், அதற்கப்புறம் சிக்னலும் போய்விட்டது. விறகு சுமந்து வந்த ஒரு அம்மா, "இந்தப் பக்கம் எதுக்குங்க வந்தீங்க? பலாமரம் வந்ததும் மேல திரும்புங்க" என்றார். பத்து நிமிடத்தில் தார்ச்சாலை. அன்றிலிருந்து கேட்டில் நின்று "உள்ள போகலாங்களா, எங்க போய்ச் சேரும்?" என்று கேட்காமல் நான் நுழைவதில்லை. பல இடங்களில் "போய்ட்டு வாங்க" என்பார்கள். சில இடங்களில் மாட்டார்கள்.

கேட்பதற்கு இன்னொரு காரணம் காட்டெருமை. இந்த மலையில் இருக்கிறது, தோட்டத்துக்குள்ளும் வரும். விடிந்தும் விடியாத வேளையிலும் மங்கலான பிறகும் கிளைப்பாதைகளில் நடக்காதீர்கள். எதிரில் நின்றால் படம் எடுக்கக் கிட்டே போகாமல், வந்த வழியே மெதுவாகப் பின்வாங்குங்கள். தினம் ஆள் பார்க்கிற மாடு, சாதுவாகத்தான் நிற்கும், அதை நம்பிவிடக்கூடாது. குரங்குக்கு எதிரே தின்பண்டப் பையைப் பிரிக்காதீர்கள். எஸ்டேட் நாய்களைப் பிள்ளைகள் தடவிக் கொடுக்க வேண்டாம், இங்கே வெறிநாய்க்கடி விளையாட்டு விஷயமில்லை.

நிஜக் காட்டுக்குள்தான் போக வேண்டும் என்பவர்கள் தமிழ்நாடு அரசின் மலையேற்றத் திட்டத்தில் இணையவழி முன்பதிவு செய்யுங்கள். 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளோடு தொடங்கியது. சேலம் மாவட்டமும் அதில் உண்டு. உள்ளூர் வழிகாட்டி கூட வருவார். 2018-இல் தேனி மாவட்டம் குரங்கணியில் பிடித்த காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் மாண்ட பிறகு விதிகள் கடுமையாகிவிட்டன. தீ பிடிக்கும் காலமான பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை பாதைகளை மூடிவிடுவார்கள். தெரிந்த பையன் கூட்டிப்போகிறான் என்று அனுமதியில்லாமல் காப்புக்காட்டில் நுழைந்தால், மாட்டுவது நீங்கள்தான்.

நடை முடிந்தும் தெம்பு இருந்தால் சேர்வராயன் கோவில். 1,623 மீட்டர் உயரம், மரமே இல்லாத வெட்டவெளி. குகைக்குள் குனிந்து போனால் சேர்வராயனும் காவேரியம்மனும். இந்த மலையின் மலையாளிப் பழங்குடி மக்களுக்கு (கேரளத்து மலையாளிகள் வேறு) இது குலசாமி மாதிரி. செருப்பை வெளியே விட்டுவிட்டு, உள்ளே படம் எடுக்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கிளியூர் அருவிக்கு மழைக்காலம் முடிந்த கையோடு போனால்தான் தண்ணீர் இருக்கும், இறங்கின படியெல்லாம் ஏறவும் வேண்டும்.

சில்லறை நோட்டு நிறைய வைத்துக்கொள்ளுங்கள். டீக்கடையில் எல்லாரும் போனைக் காட்டிப் பணம் கொடுப்பார்கள். இந்திய வங்கிக் கணக்கு இணைக்காத நம் போன் வேலைக்கு ஆகாது. தங்குவதானால் அசல் பாஸ்போர்ட்டும், வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய நம்மவர்களுக்கான ஓசிஐ அட்டையும் கேட்பார்கள். தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் போதும். டிசம்பரில் ஸ்வெட்டர் வேண்டும், நியூஜெர்சி ஜாக்கெட் வேண்டாம்.

ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குள் இறங்கிவிடுங்கள். சாயங்காலம் சேலத்தில், இரண்டு தட்டுவடைக்கு நடுவே காய்த்துருவலும் சட்னியும் வைத்துத் தரும் தட்டுவடை செட் கடைகள் திறந்திருக்கும். காரம் குறைவாகப் போடச் சொல்லிப் பிள்ளைகளுக்கு ஒன்று வாங்கிக் கொடுங்கள். எப்படியும் இரண்டாவது கேட்பார்கள்.