நைனாவோடு ஒரு பத்மினியை எழுப்புவது எப்படி

பழைய காரைப் பிரிப்பதற்கு முன்னால் கூட வேலை செய்யப்போகிற அப்பாவைப் பாருங்கள். அவரால் எவ்வளவு நேரம் குந்தி உட்கார முடியும்? என் நைனாவுக்கு இருபது நிமிடம். அதற்கு மேல் முட்டி பிடித்துக்கொள்ளும். எங்கள் வேலையின் வரிசை முழுக்க அந்த இருபது நிமிடத்தை வைத்துத்தான் அமைந்தது. காரை வைத்துத் திட்டம் போட்டிருந்தால் அது இன்னும் சாக்கு மூட்டையில்தான் இருந்திருக்கும்.

வண்டி 1986 பிரீமியர் பத்மினி. நைனா பஸ் டெப்போவில் 31 வருடம் பிட்டராக இருந்தவர். 1998இல் செகண்ட் ஹேண்டாக வாங்கினார். 2011இல் கிளட்ச் போனது. "அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று விரிஞ்சிபுரம் வீட்டு மாட்டுக் கொட்டகையில் நிறுத்தினார். அந்த அடுத்த மாசம் வர 13 வருடம் ஆனது. நடுவில் இரண்டு தலைமுறைக் கன்றுக்குட்டிகளை அதன் பம்பரில் கட்டியிருக்கிறார்கள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை எந்த ஸ்பானரையும் தொடாதீர்கள். ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு பாடி முழுக்க ஒட்டிப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, பள்ளத்தை நிரப்பப் பூசும் பட்டிதான் இருக்கிறது. பிறகு ஒரு ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தரைத் தகடு, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி மாதிரியான பகுதி, ஜாக்கி வைக்கும் இடங்கள், பேட்டரி தட்டு, டிக்கியில் ஸ்டெப்னி உட்காரும் இடம் எல்லாவற்றையும் தட்டுங்கள். நல்ல தகரம் கணீரென்று கேட்கும், துருப்பிடித்தது பொத்தென்று கேட்கும். பத்மினிக்கு லாரி மாதிரி தனி சேசிஸ் கிடையாது, பாடியேதான் எலும்பு. ஆகவே பானெட்டில் துரு என்றால் அழகுப் பிரச்சினை, தரையில் துரு என்றால் உயிர்ப் பிரச்சினை. எங்கள் வண்டியில் டிரைவர் காலடியில் மாட்டுக் கோமியம் ஊறி, கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை.

இங்கேதான் எங்களுக்குள் முதல் சண்டை. நான் முழுசாகப் பிரித்து, பெயின்ட் வரை முடித்து, அப்புறம் பூட்டலாம் என்றேன். நைனா கேட்டார்: "நிக்கத் தெரியாத வண்டிக்கு இன்னாத்துக்குடா பெயிண்ட்டு?" அவர் சொன்னதுதான் சரி. முதலில் பிரேக், அப்புறம் பெட்ரோல் வரும் வழி, அப்புறம் இன்ஜின், கிளட்ச். கொட்டகைக்கு வெளியே பத்தடி சொந்தக் காலில் ஓடிய பிறகுதான் டிங்கரிங், அதாவது தகர வேலை. வயதானவரோடு வேலை செய்யும்போது இதில் இன்னொரு லாபம் உண்டு. பெயின்ட் அடித்த காரைப் பார்ப்பதைவிட, இன்ஜின் ஓடும் சத்தம் கேட்பது அவரை அடுத்த ஞாயிறு தானாகவே எழுந்து வரவைக்கும்.

வண்டியைத் தூக்கும்போது ஜாக்கியை நம்பாதீர்கள், கருங்கல்லையும் செங்கல்லையும் நம்பாதீர்கள். இரும்பு ஸ்டாண்டு நான்கு வாங்குங்கள். அடியில் படுக்கும் வேலை உங்களுடையது. டிரம், கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் என்று கழற்றி எடுத்து வரும் எதுவும் அவருடையது. திண்ணையில் ஒரு மரப்பலகை, பழைய பேப்பர், மண்ணெண்ணெய்க் கிண்ணம், ஒரு நாற்காலி. முட்டிக்கு மேல் உயரத்தில் வேலை நடந்தால் நைனா இரண்டு மணி நேரம் உட்காருவார்.

கழற்றுவதற்கு முன் ஒவ்வொன்றையும் போனில் படம் எடுங்கள். நட்டு, போல்ட்டுகளை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுச் சீட்டு ஒட்டுங்கள். நைனா சீட்டு எழுதுவதை அவமானமாக நினைத்தார். "எனக்குத் தெரியாதா எது எங்கன்னு?" மூன்றாவது வாரம் ஒரு ஸ்பிரிங் மிஞ்சியது. பாட்டில் வாங்க அவரே போனார்.

பிரேக் டிரம்மைக் கழற்றியதும் உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதாதீர்கள், ஏர் அடிக்காதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். தண்ணீர் தெளித்து, ஈரத் துணியால் துடைத்து, துணியைக் கவரில் கட்டிப் போடுங்கள். நைனா டெப்போவில் இதை முப்பது வருடம் ஊதியவர், மாஸ்க் போட வைக்க நான் பட்ட பாடு வேறு கதை. மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர் ரப்பர்கள், ஹோஸ்கள் எல்லாவற்றையும் பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். இந்த மாதிரி பழைய வண்டிகளில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் லைன். ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கும் போச்சு. பிரேக் ஆயில் தவிர வேறு எந்த எண்ணெயும் அதற்குள் போகக்கூடாது. இன்ஜின் ஆயில் ஒரு சொட்டு கலந்தாலும் ரப்பர் உப்பிவிடும்.

இன்ஜின் 1089 சிசி, நான்கு சிலிண்டர். 13 வருடம் நின்றதைச் சாவி போட்டு ஸ்டார்ட் செய்ய முயல வேண்டாம். நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் மெல்லிய ஆயில் விட்டு நான்கு நாள் ஊறவிடுங்கள். பிறகு கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் புல்லியின் நட்டில் ஸ்பானர் போட்டு மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கள். அசையவில்லையென்றால் இன்னும் நான்கு நாள். நீளமான பைப் மாட்டி இழுத்தால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் உடையும். எங்களுக்கு ஒன்பதாவது நாள் ஒரு நூல் அசைந்தது. நைனா ஒன்றும் சொல்லவில்லை, டீ போடச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார்.

சுற்ற ஆரம்பித்ததும் கம்ப்ரெஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஏறும் அழுத்தம், எவ்வளவு என்று பாருங்கள். அழுத்தம் குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு சரியாக மூடவில்லை. எங்களுக்கு மூன்றாவது சிலிண்டரில் ஏறவில்லை. வால்வைத் தேய்த்துப் பொருத்தும் கிரைண்டிங் மட்டும் போதும் என்று தெரிந்தது, சிலிண்டரைக் கடையும் போரிங் செலவு மிச்சம்.

இங்கே ஒரு கஷ்டம் வந்தது. பஸ் டீசல் இன்ஜினுக்குப் பழகிய கை நைனாவுடையது. பத்மினியின் ஹெட், அதாவது சிலிண்டர்களின் மேல் மூடி, அலுமினியம். பிளக்கை அவர் பஸ் நட்டு மாதிரி முறுக்கினார். இரண்டாவது துளையில் மரை வழித்துக்கொண்டு வந்துவிட்டது. அந்த நாள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஹெட்டைக் கழற்றி லேத்தில் கொடுத்து, உள்ளே புது மரை போட்டு வாங்கினோம். வால்வு வேலைக்கு எப்படியும் கழற்ற வேண்டியிருந்தது என்று நான் பிறகு சொன்னேன். பாதி உண்மை. அலுமினியம் ஹெட்டில் பிளக்கை விரலாலேயே கடைசி வரை திருகுங்கள். வாஷர் உட்கார்ந்த பிறகு ஸ்பானரால் கால் சுற்று, அவ்வளவுதான். ஹெட் நட்டுகளுக்கு எவ்வளவு முறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கட்டாயம், நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றில். இன்ஜின் சூடாக இருக்கும்போது ஹெட்டைக் கழற்றினால் வளைந்துபோகும்.

ரேடியேட்டர் நம் ஊருக்கே உரிய பிரச்சினை. எங்கள் பக்கம் போர் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் பாத்திரத்தில் வெள்ளையாக உப்புப் படியும். அதையே வருடக் கணக்கில் ஊற்றியதில் குழாய்கள் பாதி அடைத்துப் போயிருந்தன. ரேடியேட்டர் கடையில் மேல் தொட்டியைப் பிரித்து, குழாய்களுக்குள் கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்துகொடுத்தார்கள். இனிமேல் கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும்தான். வேலூர் மே மாதம் 40 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும், அந்த வெயிலில் இந்தச் செலவை மிச்சம் பிடித்தால் ஹெட் செலவு வரும். இன்ஜின் சூடேறும் வரை தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம் பக்கத்து மெக்கானிக்குகளின் பழக்கம். நான் திரும்பப் போட்டேன். நைனா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

டேங்கை இறக்கி, பழைய பெட்ரோலைக் கொட்டி, உள்ளே துரு இருந்தால் கழுவுங்கள். எத்தனால் கலந்த இப்போதைய பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸை அரித்துவிடும், அதற்குத் தாங்கும் ஹோஸாகக் கேட்டு வாங்குங்கள். பெட்ரோல் டேங்க் வண்டியில் இருக்கும்போது வெல்டிங் வேண்டவே வேண்டாம்.

சாமான்களுக்குச் சென்னை புதுப்பேட்டைக்கு மூன்று தரம் போனோம். பழைய சாமானைக் கையோடு எடுத்துப் போங்கள். பேரைச் சொல்லிக் கேட்டால் ஆளுக்கு ஒன்றைக் காட்டுவார்கள். ஸ்டீயரிங்கில் இருக்கும் கியர் லிவரைக் கியர் பெட்டியோடு இணைக்கும் கம்பிகளின் புஷ் (ஆட்டம் இல்லாமல் பிடிக்கும் சின்ன வளையம்) எங்கேயும் சரியானது கிடைக்கவில்லை. ஆடிக்கொண்டிருந்த பழையதை அளவுக்குக் கொடுத்து, காட்பாடியில் ஒரு லேத்தில் கன்மெட்டல் என்ற செம்புக் கலவையில் கடைந்து வாங்கினோம். கியர் விழும் சத்தமே மாறிவிட்டது.

டிங்கரிங், பெயின்ட் இரண்டையும் வெளியே கொடுத்தோம். சொல்வதற்கு அதிகம் இல்லை. பட்டி போடுவதற்கு முன் வெட்டிப் போட்ட புதுத் தகரத்தைப் போய்ப் பாருங்கள், படம் எடுங்கள். நாங்கள் முதலில் கொடுத்த இடத்தில் துருவின் மேலேயே தகரத்தை ஒட்டி மூடிவிட்டார்கள். காந்தம் ஒட்டியது, ஸ்க்ரூ டிரைவர் பிடிதான் காட்டிக்கொடுத்தது. வேறு இடத்தில் மறுபடி வெட்ட வேண்டியதாயிற்று.

இனி மாற்றங்கள். சட்டத்தை முதலில் பாருங்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவின்படி ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் சொன்ன அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. இன்ஜின் மாற்றினாலோ கலர் மாற்றினாலோ ஆர்.டி.ஓ. ஆபீசில் முறைப்படி பதிய வேண்டும். நாங்கள் அதே வெள்ளையை அடித்ததற்கு நைனாவின் ரசனை பாதிக் காரணம், இந்தப் பேப்பர் வேலை மீதிக் காரணம். 15 வருடம் தாண்டிய சொந்த வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். படிவம் 25, இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் வேண்டும், வண்டியை நேரில் காட்ட வேண்டும். வின்டேஜ் பதிவு 50 வருடமான வண்டிக்குத்தான். எங்களுடையது அதற்கு 2036 வரை காத்திருக்க வேண்டும். நைனாவுக்கு அப்போது 82.

நாங்கள் செய்த மாற்றங்கள் கண்ணுக்குத் தெரியாதவை. ஹெட்லைட்டுக்கு ரிலே. 55 வாட் பல்பு இரண்டுக்கும் சேர்த்துச் சுமார் 9 ஆம்பியர் அந்தப் பழைய சுவிட்ச் வழியாகவே போய் வந்தது. அதனால்தான் வெளிச்சம் மங்கல், சுவிட்சும் சூடாகும். ரிலே போட்டால் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக நேராக பல்புக்குக் கரன்ட் போகும், சுவிட்ச் வெறும் கட்டளை கொடுக்கும். எலி கடித்த வயரிங் முழுவதையும் மாற்றினோம். முன் சீட்டுக்கு பெல்ட், அதைத் தரைத் தகட்டில் வெறும் போல்ட்டாகப் போடாமல், பின்னால் தடித்த தகடு வைத்து வெல்டிங் செய்து மாட்டினோம்.

நான் கேட்டுக் கிடைக்காதவை: ஏசி, ஸ்டீயரிங்கில் இல்லாமல் கீழே தரையில் கியர் லிவர், தோல் சீட். தோலுக்குப் பேர்போன மேல்விஷாரமும் ஆம்பூரும் பக்கத்தில் இருக்க ரெக்சினா என்று வாதாடிப் பார்த்தேன். "வெயில்ல நிறுத்திட்டு வந்து நீ ஒக்காந்து பாரு" என்றார். ரெக்சின், அதன் மேல் பருத்தி உறை. ஏசிக்கு அந்த இன்ஜினில் மிச்ச சக்தி கிடையாது, முன்கதவின் முக்கோணக் கண்ணாடியைத் திருப்பிவிட்டால் முகத்துக்கே காற்று வரும். கீழே கியர் விஷயத்தில் நான் இன்னும் தோற்றவனாக நினைக்கவில்லை.

பதினான்கு மாதத்துக்குப் பிறகு, ஏப்ரல் மாத மதியம், விரிஞ்சிபுரத்திலிருந்து காட்பாடிக்குக் கிளம்பினோம். பாலாற்றுப் பாலம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இன்ஜின் இருமி நின்றது. நான் பிளக்குகளுக்குக் கரன்ட் பிரித்துக்கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றப் போனேன். நைனா தோளில் இருந்த டவலை எடுத்தார், தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து நனைத்தார், பெட்ரோல் பம்ப் மேல் போர்த்தினார். சூட்டில் பம்புக்குள் பெட்ரோல் ஆவியாகிவிட்டால் பம்ப் பெட்ரோலுக்குப் பதில் ஆவியைத்தான் இழுக்கும். பத்து நிமிடம் புளிய மர நிழலில் நின்றோம். மறுபடி சாவி போட்டதும் பிடித்துக்கொண்டது.

பம்புக்கும், சூடான புகையை இன்ஜினிலிருந்து வெளியே எடுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே ஒரு தகடு வைத்து மறைக்க வேண்டும், அதற்கு அளவு எடுத்திருக்கிறேன். அதுவரை டேஷ்போர்டு அறையில் ஒரு டவலும் இரண்டு லிட்டர் தண்ணீரும் இருக்கின்றன. பின்பக்க இடது கதவு இன்னும் மழையில் ஒழுகுகிறது.