தம்பியின் ஈறில் இரத்தம் நின்ற விதம்

பெருமூளை வாதத்துடன் பிறந்த என் தம்பிக்கு இப்போது 24 வயது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவனுடைய ஈறுகள் தடித்து, துலக்கும்போதெல்லாம் இரத்தம் கசியத் தொடங்கியது. மாடியில் இருந்த ஒரு பல் மருத்துவமனையில், சக்கர நாற்காலி மேலே வராது என்று பார்க்காமலேயே திருப்பி அனுப்பினார்கள். தனியார் மருத்துவமனைகளிலும் தடையற்ற வழி இருக்க வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். அந்த வலி எனக்கு இன்னும் ஆறவில்லை.

வலிப்புக்காக அவன் உட்கொள்ளும் ஃபெனிட்டோயின் ஈறைத் தடிக்கச் செய்யும் என்றும், பல்லில் படியும் அழுக்கு அதை மேலும் வளர்க்கும் என்றும் வேறொரு மருத்துவர் விளக்கி, பல்லில் இறுகியிருந்த காரையை நீக்கினார். மாத்திரையை நாமாக நிறுத்துவது ஆபத்து என்பதால், அதை நரம்பியல் மருத்துவரின் முடிவுக்கு விட்டுவிட்டு, துலக்கும் முறையை மாற்றினேன்.

முன்பு எதிரே நின்று துலக்குவேன். அவன் தலை பின்னால் சாய்ந்து புரையேறும். இப்போது நாற்காலிக்குப் பின்னால் நின்று, அவன் தலையை என் மார்போடு அணைத்து, முகவாயைச் சற்றே தாழ்த்திப் பிடித்து, ஃபுளூரைடு பற்பசையைப் பட்டாணி அளவே வைத்த மென்மையான சிறு பிரஷ்ஷால் ஈறும் பல்லும் சேரும் விளிம்பில் மெதுவாகத் தேய்க்கிறேன். அவன் பிரஷ்ஷைக் கடித்துக்கொண்டால் இழுப்பதில்லை. கன்னத்தை வருடி, தாடை தளரும்வரை காத்திருக்கிறேன். நுரையைத் துணியால் ஒற்றி எடுக்கிறேன்.

காலையில் முதலில் அவனே துலக்குகிறான். சைக்கிள் கைப்பிடி உறையைப் பிரஷ்ஷில் மாட்டியதும் அவன் விரல்களுக்குப் பிடி கிடைத்துவிட்டது.

மூன்று மாதங்களில் இரத்தம் நின்றது. ஈறின் தடிப்பு குறைந்திருக்கிறதே தவிர, முழுவதும் வடியவில்லை.