நாத்திகர் ஏன் கேள்வி கேட்கிறார்? இரு தரப்பும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. எனக்கு நெருக்கமானவர்களில் பெரும்பாலோருக்கு உண்டு. "உனக்கு நம்பிக்கை இல்லையென்றால் சும்மா இருந்துவிட்டுப் போயேன், அடுத்தவர் நம்பிக்கையில் ஏன் கை வைக்கிறாய்?" என்று அவர்களில் பலர் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் விடை சொல்லத் தொடங்கியதும் பேச்சு எங்கேயோ தடம்புரண்டு, கடைசியில் இரண்டு பேரும் மனக்கசப்போடு எழுந்து போவதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். எங்கே தடம்புரள்கிறது என்று யோசித்ததில் பிடிபட்டவற்றை எழுதுகிறேன். சில தவறுகள் நம்பிக்கையுள்ளவர்கள் செய்பவை, சில என்னைப் போன்றவர்கள் செய்பவை. அவற்றில் மிக மோசமான ஒன்றை நானே செய்திருக்கிறேன், அதையும் சொல்கிறேன்.

எல்லா நாத்திகரும் வாதத்துக்கு வருகிறவர்கள் என்று நினைப்பது

கடவுள் உண்டு என்பதை ஏற்காதவர் நாத்திகர். அவ்வளவுதான். அடுத்தவரை மாற்ற வேண்டும் என்ற கடமை எதுவும் அதற்குள் இல்லை. வீட்டில் எல்லோரும் பிரார்த்திக்கும்போது பக்கத்தில் அமைதியாக நின்றுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போகிறவர் யார் கண்ணிலும் நாத்திகராகப் படுவதில்லை. வாய் திறப்பவர் மட்டும்தான் தெரிகிறார். மதத்தை விட்டு விலகினால் மரண தண்டனை வரை போகக்கூடிய நாடுகள் இன்றும் இருக்கின்றன. அங்கே பேசாமல் இருப்பவர்கள் கணக்கிலேயே வருவதில்லை.

காரணத்தைக் காயத்தில் தேடுவது

"சின்ன வயதில் அவனுக்கு ஏதோ நடந்திருக்கிறது, அதுதான் கடவுள்மேல் கோபம்." இது நிறைய பேர் சொல்வது. சிலர் விஷயத்தில் உண்மையும்கூட. மதத்தின் பெயரால் அடிபட்டவர்கள், கேள்வி கேட்டதற்காகக் குடும்பத்தால் ஒதுக்கப்பட்டவர்கள் உண்டு. ஆனால் ஒருவர் ஏன் கேட்கத் தொடங்கினார் என்பதுதான் காயத்தைப் பார்த்தால் தெரியும். அவர் கேட்டதற்கு விடை அதில் இல்லை. சுட்டுக்கொண்டவன் "இந்த அடுப்பில் எங்கோ கசிகிறது" என்றால், அவன் காயத்தை மட்டும் பேசிக்கொண்டிருந்து பயன் என்ன? அடுப்பைப் பார்க்க வேண்டாமா?

இதே தவறை எங்கள் பக்கமும் தாராளமாகச் செய்கிறோம். "சாவுக்குப் பயந்துதானே நம்புகிறாய்", "ஆறுதல் வேண்டும் என்றுதானே கும்பிடுகிறாய்" என்கிறோம். மதம் மனித ஆசைகளிலிருந்து பிறந்தது என்று 1927இல் விரிவாக எழுதியவர் உளவியல் அறிஞர் சிக்மண்ட் ஃபிராய்ட். ஆசையிலிருந்து பிறந்தது என்பதாலேயே ஒரு நம்பிக்கை பொய்யாகிவிடாது என்பதை அவரே அதில் ஒப்புக்கொள்கிறார். அவரை மேற்கோள் காட்டும் பலர் அந்த இடத்தை விட்டுவிடுகிறார்கள்.

நம்பிக்கை மனசுக்குள்ளேயே தங்கிவிடும் என்று நினைப்பது

என்னைப் பொறுத்தவரை விஷயத்தின் மையம் இதுதான். கேள்வி கேட்கும் நாத்திகர்களில் அக்கறையோடு கேட்பவர்களை எடுத்துக்கொண்டால், அவர்களில் பெரும்பாலோர் கடவுள் இருக்கிறாரா என்பதோடு நிற்பதில்லை. ஒரு நம்பிக்கை செயலாக மாறும்போது அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்றுதான் கேட்கிறார்கள்.

வில்லியம் கிளிஃபர்ட் என்ற ஆங்கிலேயக் கணிதவியலாளர் 1877இல் ஒரு கற்பனைக் கதையை முன்வைத்தார். ஒரு கப்பல் முதலாளி. கப்பல் பழையது, பழுது பார்க்க வேண்டியது என்று அவருக்குத் தெரியும். செலவை நினைத்துத் தயங்குகிறார். அப்புறம், "இத்தனை பயணம் பத்திரமாகப் போய் வந்த கப்பல், இந்த முறையும் இறைவன் காப்பாற்றுவார்" என்று தனக்குத்தானே சொல்லிச் சொல்லி உண்மையிலேயே நம்பிவிடுகிறார். பயணிகளை ஏற்றி அனுப்புகிறார். கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது. அவர் மனதார நம்பினார் என்பது அவரைக் குற்றத்திலிருந்து விடுவிக்குமா? விடுவிக்காது என்கிறார் கிளிஃபர்ட். அதற்கு மேலும் ஒரு படி போகிறார்: கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தாலும் அவர் குற்றவாளிதான், ஏனென்றால் அப்படி நம்ப அவருக்கு உரிமையே இல்லை.

இந்த இரண்டாவது படியைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கப்பலில் ஏறியவர்களைத்தான் நினைத்துப் பார்த்தேன். காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்கு மருத்துவம் வேண்டாம், பிரார்த்தனை போதும் என்று பெற்றோர் முடிவெடுத்தால், கப்பலில் இருப்பது அந்தக் குழந்தை. யாரைத் திருமணம் செய்யலாம், யார் படிக்கலாம், யாருக்குச் சொத்து என்பதை ஒரு மத விதி தீர்மானித்தால், அந்த மதத்தை நம்பாதவர்களும் கப்பலில் இருக்கிறார்கள்.

பிரிட்டனில் சார்லஸ் பிராட்லா என்ற நாத்திகர் 1880இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கடவுள் பெயரால் உறுதிமொழி எடுப்பதற்குப் பதிலாக வெறும் உறுதி கூற அனுமதி கேட்டார். மறுத்தார்கள். பிறகு, சரி, வழக்கமான உறுதிமொழியையே எடுக்கிறேன் என்றார். அதையும் விடவில்லை. தொகுதி மக்கள் திரும்பத் திரும்ப அவரையே தேர்ந்தெடுத்தும் 1886இல்தான் முறைப்படி இருக்கையில் அமர முடிந்தது. கடவுள் பெயரைச் சொல்லாமல் உறுதி கூற 1888இல் சட்டம் இடம் தந்தது. இப்படிப்பட்ட ஒருவரிடம் போய், "மற்றவர்கள் நம்பிக்கை உன்னை என்ன செய்தது?" என்று கேட்க முடியாது.

ஆனால் கிளிஃபர்டின் வாதத்தை எல்லாவற்றுக்கும் நீட்டுவதும் தவறுதான். வில்லியம் ஜேம்ஸ் என்ற அமெரிக்கத் தத்துவவாதி 1896இல் அவருக்குப் பதில் சொன்னார். சான்றால் தீர்க்கவே முடியாத, ஆனால் வாழ்க்கையில் ஏதாவது ஒரு பக்கம் நின்றே ஆகவேண்டிய கேள்விகள் உண்டு. அங்கே மனம் சொல்லும் பக்கம் நிற்க ஒருவருக்கு உரிமை இருக்கிறது என்றார். நான் ஜேம்ஸுடன் முழுக்க ஒத்துப்போகவில்லை. இருந்தாலும் அவர் எனக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்தார். யாரையும் ஏற்றிக்கொள்ளாமல், தன் படகில் தான் மட்டும் போகிறவரைக் கரையில் நின்று மறிக்க வேண்டிய அவசரம் எனக்கு இல்லை.

நம்பிக்கையை வெறும் கூற்றாகப் பார்ப்பது

நான் செய்த தவறுக்கு வருகிறேன். என் தோழி ஒருத்தியின் அண்ணன் திடீரென்று இறந்துபோனார். மூன்றாம் நாள் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். "அவன் எங்கேயோ இருந்து என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான்" என்றாள். மூளை செயலிழந்தபின் நினைவு எப்படி மிஞ்சும் என்று விளக்க ஆரம்பித்தேன். குரலை உயர்த்தவில்லை, கிண்டல் செய்யவில்லை. பொறுமையாக, தெளிவாகத்தான் பேசினேன். அவள் எதுவும் சொல்லாமல் எழுந்து உள்ளே போனாள். அதற்கப்புறம் நெடுநாள் என்னோடு பேசவில்லை.

அவள் சொன்ன வாக்கியம் எழுவாய், பயனிலையோடு ஒரு தகவல் போலத்தான் இருந்தது. ஆனால் அவள் எனக்குத் தகவல் சொல்லவில்லை. அண்ணனை விடமுடியவில்லை என்று சொன்னாள். மத வாழ்க்கையில் பெரும்பகுதி இப்படிப்பட்டது: பழக்கம், சேர்ந்து பாடுவது, துக்கத்தில் கூட நிற்கும் மனிதர்கள், இறந்தவர்களோடு அறுந்துபோகாத ஒரு நூல். உலகம் எப்படித் தோன்றியது என்ற கோட்பாடு பலருக்கு அதில் ஒரு ஓரத்தில்தான் இருக்கிறது. நான் அந்த ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மொத்தத்தையும் இழுத்தேன். எப்போது பேசக் கூடாது என்பதற்கு இன்று எனக்கு ஒரு வழி இருக்கிறது: எதிரில் இருப்பவர் திருப்பி வாதிடும் நிலையில் இருக்கிறாரா என்று பார்ப்பேன். துக்கத்தில் இருப்பவர், நோயில் கிடப்பவர், என் தயவில் வேலை செய்பவர், நான் மதிப்பெண் போடவேண்டிய மாணவர் என்றால் பேச மாட்டேன்.

கேள்வியை அவமதிப்பு என்று எடுத்துக்கொள்வது

1948இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற மனித உரிமைப் பிரகடனத்தின் 18ஆவது பிரிவு, சிந்தனை, மனச்சான்று, மதம் ஆகியவற்றுக்கான உரிமையைச் சொல்கிறது. மதத்தை மாற்றிக்கொள்ளும் உரிமையும் அதில் அடக்கம். இது மனிதருக்குத் தரப்பட்ட பாதுகாப்பு. அவர் நம்பும் கருத்தை யாரும் விமர்சிக்கக் கூடாது என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. அடுத்து வரும் 19ஆவது பிரிவே கருத்துச் சுதந்திரம் பற்றியது. "உன் கொள்கையில் இந்த இடம் இடிக்கிறது" என்பதும் "உன் ஆட்கள் எல்லாம் முட்டாள்கள்" என்பதும் ஒன்றல்ல. முதலாவதைக் கேட்டதும் புண்பட்டுவிட்டேன் என்று கதவைச் சாத்துவது நம்பிக்கையுள்ளவர்களின் தவறு. இரண்டாவதைச் சொல்லிவிட்டு முதலாவதைத்தான் சொன்னேன் என்று சாதிப்பது எங்கள் தவறு.

கேள்வியையும் அதிகாரத்தையும் குழப்புவது

ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் படித்த மாணவர் தாமஸ் ஐக்கன்ஹெட் தெய்வ நிந்தனைக் குற்றத்துக்காக 1697இல் தூக்கிலிடப்பட்டபோது அவருக்கு வயது 20. அவர் செய்தது பேச்சு மட்டும்தான். நாத்திகர்கள் இதை எடுத்துச் சொல்வது சரி. ஆனால் அல்பேனியாவையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். 1967இல் அந்த நாட்டு அரசு எல்லா மத வழிபாட்டையும் தடை செய்தது. தேவாலயங்களும் மசூதிகளும் மூடப்பட்டன, இடிக்கப்பட்டன, கிடங்குகளாக மாற்றப்பட்டன. ரகசியமாக வழிபட்டவர்கள் சிறைக்குப் போனார்கள். 1990இல்தான் தடை விலகியது. "அதெல்லாம் உண்மையான நாத்திகம் இல்லை" என்று நழுவுவது எனக்கு ஏற்பில்லை. கடவுள் இல்லை என்ற கொள்கையை ஒரு அரசு கையில் எடுத்து மனிதர்களை நசுக்கியது என்பது நடந்த வரலாறு.

அதனால் ஒரு சிறுபான்மை மதத்தவரைப் பெரும்பான்மைக் கூட்டத்தின் நடுவே நிறுத்திக் கேலி செய்துவிட்டு அதைப் பகுத்தறிவு என்று சொல்லிக்கொள்பவரோடு என்னால் நிற்க முடியாது. அவர் கேட்கும் கேள்வி நான் கேட்பதேயாக இருந்தாலும் சரி.

"இல்லை என்று நிரூபி" என்பது

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். பூமிக்கும் செவ்வாய்க்கும் நடுவே, தொலைநோக்கிக்கும் தெரியாத ஒரு தேநீர்க் கெண்டி சூரியனைச் சுற்றுகிறது என்று ஒருவர் சொன்னால், அதை மற்றவர்கள் பொய்யென்று நிரூபிக்க வேண்டியதில்லை என்று 1952இல் எழுதினார் ஆங்கிலேயத் தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸல். உண்டு என்பவர்தான் சான்று தர வேண்டும். ஆனால் "கடவுள் நிச்சயமாக இல்லை, எனக்குத் தெரியும்" என்று நாத்திகர் அறுதியிட்டுச் சொன்னால் அதுவும் ஒரு கூற்றுதான். அப்போது சுமை அவர் தோளுக்கும் வருகிறது.

ஜெயிக்கப் பேசுவது

நியாயம் என்ற பழைய இந்தியத் தர்க்க மரபின் நூல் பேச்சை மூன்றாகப் பிரிக்கிறது. உண்மையைக் கண்டடைய இருவரும் சேர்ந்து பேசுவது வாதம். எப்படியாவது வெல்லப் பேசுவது ஜல்பம். தனக்கென்று ஒரு நிலைப்பாடு இல்லாமல் அடுத்தவர் சொல்வதை உடைப்பதற்காகவே பேசுவது விதண்டை. இந்த மூன்றாவது சொல் மட்டும் 'விதண்டாவாதம்' என்று நம் அன்றாடப் பேச்சில் தங்கிவிட்டது. நாத்திகர் எது கேட்டாலும் அந்த முத்திரை விழுகிறது. சில சமயம் அது பொருந்தவும் செய்கிறது. நம்பிக்கையுள்ளவர் ஒருவர் "எனக்கும் இதில் சந்தேகம் உண்டு" என்று மனம் திறந்து சொல்லும்போது, அதைப் பிடித்துக்கொண்டு "பார்த்தாயா, நீயே ஒப்புக்கொண்டாய்" என்று துள்ளினால், அவர் இனி யாரிடமும் தன் சந்தேகத்தைச் சொல்ல மாட்டார்.

என் தோழி சில வருடங்கள் கழித்து ஒருநாள் அவளாகவே தொலைபேசியில் அழைத்தாள். "அன்றைக்கு ஏதோ சொல்ல வந்தாயே, இப்போது சொல். கேட்கிறேன்" என்றாள். முதலில் அன்று பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அப்புறம் இரண்டு மணி நேரம் பேசினோம். நான் கேட்டதில் பாதிக்கு அவளிடம் பதில் இருந்தது, அவள் கேட்ட சிலவற்றுக்கு என்னிடம் இல்லை. அவள் இன்றும் நம்புகிறாள். அண்ணன் நினைவு நாளில் பிரார்த்தனைக்குப் போகும்போது என்னையும் கூப்பிடுவாள். நான் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்துகொள்வேன்.