ஒயினை ருசித்து நம் வார்த்தையில் எழுதுவது: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

மெல்போர்னுக்கு வந்த புதிதில் யாரா பள்ளத்தாக்கில் ஒரு திராட்சைத் தோட்டத்துக்குப் போயிருந்தோம். ஊற்றிக் கொடுத்தவர் "வாசனையில் என்ன தெரிகிறது?" என்று கேட்டார். பக்கத்தில் நின்றவர்கள் கூஸ்பெரி, பிளாக்கரண்ட், சிடார் மரம் என்று அடுக்கினார்கள். அந்தப் பழங்களை நான் தின்றதே இல்லை. "நன்றாக இருக்கிறது" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அப்புறம் இரண்டு வருடம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பழகினேன். என் மூக்குக்கு எல்லாம் ஏற்கெனவே தெரிந்திருந்தது, அதற்கான வார்த்தைகள் நம் சமையலறையில் இருந்தன.

என்ன வாங்குவது

ஒரே ஒரு பாட்டிலை வைத்துக்கொண்டு ருசி பழக முடியாது. இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் வித்தியாசம் தெரியும். வெள்ளை ஒயினில் நியூசிலாந்தின் மார்ல்பரோ பகுதிச் சாவின்யோன் பிளாங்க், கூடவே ஓக் மரப் பீப்பாயில் வைத்த ஒரு ஷார்டனே. சிவப்பில் யாரா பினோ நுவார், கூடவே தெற்கு ஆஸ்திரேலியாவின் கூனவாரா கேபர்னே சாவின்யோன். நான்கும் திராட்சை ரகங்களின் பெயர்கள், ஒயினுக்கும் அதே பெயர்தான். ஒரு நாளைக்கு ஒரு ஜோடி போதும்.

கிளாஸ் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். சர்வதேசத் தர நிர்ணய அமைப்பான ஐஎஸ்ஓ 1977இல் வரையறுத்த துலிப் வடிவ ருசிக் கிளாஸ் இரண்டு வாங்குங்கள். வாய்ப்பக்கம் குறுகி இருப்பதால் வாசனை உள்ளேயே தங்கும். இரண்டும் ஒரே மாதிரி இருப்பது முக்கியம். பந்து அளவுக் கிளாஸ், ஒயினை ஊற்றி வைக்கும் டிகேன்டர் குடுவை, காற்றேற்றும் கருவி எதற்கும் இப்போது காசு போட வேண்டாம். ஒரு கிளாஸுக்கு 50 மில்லி ஊற்றினால் போதும், 750 மில்லி பாட்டில் பதினைந்து முறைக்கு வரும்.

வெள்ளையைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து பத்துப் பதினைந்து நிமிடம் முன்பே வெளியே எடுங்கள். ரொம்பக் குளிர்ந்தால் வாசனை எழாது. சிவப்பை "அறை வெப்பநிலையில்" குடிக்கச் சொல்வது குளிர்ந்த ஐரோப்பிய வீடுகளை மனதில் வைத்து. கோடையில் அதை இருபது நிமிடம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுங்கள், 16 முதல் 18 டிகிரி சரியாக இருக்கும்.

பார்ப்பது

வெள்ளைத் தாளுக்கு மேல் சாய்த்து நிறத்தைப் பாருங்கள், எழுதுங்கள், நகருங்கள். கிளாஸின் உட்சுவரில் வழியும் கோடுகள் தரத்தைக் காட்டுவதில்லை, ஆல்கஹாலும் சர்க்கரையும்தான் அவற்றுக்குக் காரணம்.

முகர்வது

கிளாஸின் அடியை மேசையில் ஊன்றியே சுழற்றுங்கள், சிந்தாது. நீளமாக இழுக்காமல் குட்டிக் குட்டியாக முகருங்கள். வாயில் வைப்பதற்கு முன்பே தோன்றியதை எழுதிவிடுங்கள்.

வார்த்தை வராவிட்டால் அஞ்சறைப்பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக முகர்ந்துவிட்டு மறுபடியும் கிளாஸுக்கு வாருங்கள். சாவின்யோன் பிளாங்கில் கூஸ்பெரி என்று படித்ததும் நான் நெல்லிக்காயைத் தேடினேன், கிடைக்கவே இல்லை. அந்தக் கூஸ்பெரி ஐரோப்பாவில் விளையும் வேறு பழம், நம் நெல்லிக்கும் அதற்கும் உறவில்லை. ஒரு நாள் அதை ஓரம் கட்டிவிட்டு முகர்ந்தபோது பழுத்த கொய்யா வாசனை வந்தது. பிறகு தெரிந்தது, கொய்யாவிலும் பாஷன் பழத்திலும் இருக்கும் கந்தகச் சேர்மம் ஒன்றே இந்த ஒயினிலும் இருக்கிறது. அதனால் கொய்யா என்று தயங்காமல் எழுதுங்கள்.

மாஸ்கடோ என்ற இனிப்பு ஒயின் கிடைத்தால் ஒரு முறை முகர்ந்து பாருங்கள், கம்பம் பன்னீர் திராட்சையேதான். அந்தத் திராட்சை மஸ்கட் ஹாம்பர்க் ரகம், மாஸ்கடோவும் மஸ்கட் குடும்பத்தைச் சேர்ந்தது. கேபர்னேயில் பச்சைக் குடமிளகாய் தெரிந்தால் அதுவும் கற்பனை இல்லை, குடமிளகாய்க்கு அந்த மணத்தைத் தரும் பைரசின் என்ற சேர்மமே இதிலும் இருக்கிறது.

வாயில்: புளிப்பா, துவர்ப்பா, கசப்பா?

இங்கேதான் நான் மாதக்கணக்கில் தடுமாறினேன். ஒரு கேபர்னேயைப் "புளிக்கிறது" என்று எழுதுவேன். அடுத்த வாரம் அதே ஒயினைக் "கசக்கிறது" என்று எழுதியிருப்பேன். அது துவர்ப்பு என்று உறைக்க வெகுநாள் ஆனது. இத்தனைக்கும் அறுசுவையில் துவர்ப்பைத் தனியாக வைத்திருப்பவர்கள் நாம். வாழைப்பூவும் கொட்டைப்பாக்கும் வாயை என்ன செய்யுமோ, ஒயினில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதைத்தான் செய்கிறது. எச்சிலில் இருக்கும் புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது, வழவழப்பு போய்விடுகிறது.

மூன்று டம்ளர் எடுங்கள். ஒன்றில் எலுமிச்சை பிழிந்த தண்ணீர். இன்னொன்றில் பத்து நிமிடம் ஊறிய, சர்க்கரை போடாத கட்டன் சாயா. மூன்றாவதில் இரவு முழுக்க வெந்தயம் ஊறிய தண்ணீர். எலுமிச்சைக்கு நாக்கின் அடியில் எச்சில் ஊறும். சாயாவுக்கு ஈறும் கன்னத்தின் உட்பக்கமும் சொரசொரக்கும், உதடு பல்லில் ஒட்டும். வெந்தயம் நாக்கில் நிற்கும், ஆனால் வாய் வறளாது. சாயாவில் கொஞ்சம் கசப்பும் கலந்திருக்கும், அதனால் நாக்கை விட்டுவிட்டு ஈறைக் கவனியுங்கள்.

இதைச் செய்த கையோடு பினோ நுவாரையும் கேபர்னேயையும் ருசித்துப் பாருங்கள். பினோவின் தோல் மெல்லியது, கேபர்னேயின் தோல் தடிமன். டானின் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருவதால் கேபர்னே ஈறை நன்றாகவே பிடிக்கும். வெள்ளை ஒயினுக்குத் தோலை முன்பே நீக்கிவிடுவதால் அதில் துவர்ப்பு அநேகமாக இருக்காது.

இனிப்பிலும் ஒரு குழப்பம் வரும். பழ வாசனை அடித்தால் இனிக்கிறது என்று மனம் நினைத்துக்கொள்ளும். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் எடுங்கள். அப்போதும் இனித்தால் சர்க்கரை உண்மையிலேயே இருக்கிறது.

ருசித்ததைத் துப்பிவிடுங்கள். ஒரு சொம்பு போதும். நான்காவது வாய்க்குப் பிறகும் நாக்கு நம் பேச்சைக் கேட்க வேண்டுமானால் இதுதான் வழி. கடைசியாக, ருசி எவ்வளவு நேரம் வாயில் நிற்கிறது என்று எண்ணி அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

என் நோட்டில் ஒரு குறிப்பு இப்படி: "கேபர்னே. அடர் சிவப்பு. நாவல்பழம், குடமிளகாய், பின்னால் பழைய மரப்பெட்டி. புளிப்பு நடுத்தரம், துவர்ப்பு அதிகம், இனிப்பு இல்லை. பன்னிரண்டு வரை எண்ணினேன்." படிக்கும்போது அந்த ஒயின் இன்றும் எனக்கு நினைவுக்கு வருகிறது. "அருமையான, சமநிலையான ஒயின்" என்று அதற்கு முன் எழுதிய பக்கங்களில் எது எந்தப் பாட்டில் என்றே தெரியவில்லை.

பிற்சேர்க்கை

விக்டோரியாவின் கிராம்பியன்ஸ் பகுதியில் விளையும் ஷிராஸ் என்ற சிவப்பு ஒயினில் மிளகு வாசனை வரும் என்று முன்பு சொல்லியிருந்தேன். சுத்தமாக வரவில்லை என்று இருவர் கேட்டிருந்தார்கள். உங்கள் மேல் தவறில்லை. அந்த மிளகு வாசனைக்குக் காரணம் ரோட்டண்டோன் என்ற சேர்மம். மிளகிலும் இருக்கும் அதே பொருள் ஷிராஸில் இருப்பதாக 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். ஐந்தில் ஒருவருக்கு அது முகரவே வராது என்பதையும் அவர்களே கண்டார்கள். உங்கள் குறிப்பில் மிளகை விட்டுவிடுங்கள்.

இன்னொருவருக்கு எல்லா ஒயினும் ஒரே மாதிரிக் கசந்ததாம். விசாரித்ததில் பல் துலக்கிய கையோடு உட்கார்ந்திருக்கிறார். பேஸ்ட், காபி, பூண்டு எதுவானாலும் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

பாட்டில் திறந்ததும் மழையில் நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி அடித்தால் அது கார்க் வழியாக வந்த கெடுதல். முகர்ந்து பழக ஒரு கிளாஸ் மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, மிச்சத்தைப் பாட்டிலோடு கடையில் திருப்பிக் கொடுங்கள்.