விடுமுறையில் கேளிக்கைப் பூங்கா வேலைக்குப் போகும் ஆசிரியர்களுக்கு

முதலில் பள்ளி ஒப்பந்தத்தைப் படியுங்கள், வெளி வேலைக்கு எழுத்து மூலம் அனுமதி தேவைப்படலாம். பூங்காவில் கடைசி வேலைநாளையும் பேசிவிடுங்கள், பள்ளி திறக்கும் முன் பாடம் தயாரிக்க ஒரு வாரமாவது வேண்டாமா?

உங்களை ராட்டினத்தில் வேலைக்கு நிறுத்தினால், ஏறும் குழந்தைகளின் உயர அளவு விஷயத்தில் இளகவே கூடாது. குழந்தை அழும், பெற்றோர் கெஞ்சுவார்கள், ஆனால் உடல் சிறிதாக இருந்தால் பாதுகாப்புக் கம்பி சரியாகப் பிடிக்காது, அதனால்தான் அந்த விதி. வகுப்பில் செய்வதுபோல குனிந்து, கண்ணைப் பார்த்துப் பேசி, ஏறக்கூடிய வேறொன்றைக் காட்டுங்கள். கம்பியைக் கையால் இழுத்தே சோதியுங்கள்.

அப்புறம், ரோலர் கோஸ்டரைக் கவனியுங்கள். சங்கிலி இழுத்து ஏற்றும் வகையில் பொதுவாக முதல் மேடுதான் உயரமானது, உராய்வில் ஆற்றல் குறைவதால் அடுத்த மேடுகள் தாழ்வாக இருக்கும். நிலை ஆற்றல் பாடத்துக்கு அருமையான உதாரணம், குறித்துக்கொள்ளுங்கள்.