முழங்கால் மாற்றிய பிறகு வீட்டில் நடக்கும் தவறுகள்

மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை முடிந்து வீடு திரும்பியவரிடம் எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்வது, "ஆடாமல் அசையாமல் படுங்கள், அம்மா" என்பதுதான். பாசத்தில் சொல்கிறார்கள். புது மூட்டுக்கோ அதுவே பெரும் கெடுதல். சத்திரசிகிச்சை நடந்த அன்றோ மறுநாளோ வைத்தியசாலையிலேயே வோக்கரைப் பிடித்து நடக்க வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. மூட்டைச் சுற்றித் தழும்பு இறுகுவதற்குள் கால் மடங்கவும் நீளவும் பழகிவிட வேண்டும். முதல் சில வாரங்களைப் படுக்கையில் கழித்துவிட்டால் பிறகு ஈடுகட்டுவது மிகக் கடினம்.

அடுத்தது தலையணை. முழங்காலுக்குக் கீழே வைத்தால் நோவு குறைவது உண்மை. ஆனால் இரவெல்லாம் மடங்கிக் கிடக்கும் கால் நாளடைவில் முழுதாக நீளாமல் போய்விடும். அப்படியான காலோடு நடப்பவர் நொண்டுவார், தொடைத்தசை சீக்கிரம் களைக்கும், இடுப்பும் நோகும். பார்க்க வருகிற உறவினர் எல்லோரும் "எவ்வளவு மடங்குகிறது?" என்றே கேட்கிறார்கள். நீளுகிறதா என்று ஒருவரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் பெரிய கவலை. உயர்த்தி வைக்கத்தான் வேண்டுமென்றால், சுருட்டிய துவாயைக் குதிக்காலின் கீழ் வையுங்கள். முழங்கால் தன் பாரத்திலேயே நீளும்.

நோக்குளிசை உடம்புக்குக் கூடாது என்று நிறுத்திவிட்டு, நோவு தாங்காமல் பயிற்சியையும் விட்டுவிடுபவர்கள் பலர். வைத்தியர் தந்த குளிசையைப் பயிற்சிக்கு அரைமணி நேரம் முன்பு எடுப்பது நல்லது. பயிற்சிக்குப் பின் ஐஸைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வைக்கலாம். சிறிது நோவு இயல்பு. மறுநாளும் வீக்கம் கூடியே இருந்தால் பயிற்சி மிஞ்சிவிட்டது, கொஞ்சம் குறையுங்கள்.

பரியாரியிடம் (நாட்டு வைத்தியரிடம்) எண்ணெய் வாங்கி உருவும் வழக்கத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். ஆறாத காயத்தில் எண்ணெய் பட்டால் கிருமி தொற்றலாம். கெண்டைக்காலில் இரத்தம் உறைந்திருக்கும்போது அழுத்தி உருவினால் அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஊன்றுகோலை நோகாத காலின் பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது சத்திரசிகிச்சை செய்த கால் முதலில்.

பாயில் சப்பணமிட்டு இருப்பதும் குந்தும் மலசலகூடமும் வேண்டாம். கோயிலிலும் தொழுகையிலும் கதிரையில் இருங்கள். இடுப்பு மூட்டு மாற்றியவர்கள் இன்னும் கவனமாக, தாழ்ந்த கதிரையையும் கால் மேல் கால் போடுவதையும் தவிர்க்க வேண்டும். மூட்டு விலகிவிடக்கூடும்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையிலிருந்து பட்டணத்துக்கு வந்துபோகும் சிரமத்தால் இயன்மருத்துவக் (பிசியோதெரபி) கிளினிக்கை விட்டுவிடாதீர்கள். பக்கத்து ஆதார வைத்தியசாலையில் தொடர முடியுமா என்று கேளுங்கள். கெண்டைக்கால் வீங்கி நொந்தாலோ, காயம் சிவந்து சீழ் வடிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ கிளினிக் திகதிக்குக் காத்திருக்காமல் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். திடீரென மூச்சு முட்டினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.