ஆட்புளூ டேங்க் நிறைய இருந்தும் அடம்பிடித்த கார்

டீசல் காரின் புகையில் உள்ள நச்சு வாயுவைக் குறைக்க ஊற்றும் திரவம்தான் ஆட்புளூ. அது நிறைய இருந்தும், 'இன்னும் இத்தனை கிலோமீட்டர்தான், அப்புறம் ஸ்டார்ட் ஆகாது' என்று டாஷ்போர்டு மிரட்டிக்கொண்டே வந்தது. ஒர்க்‌ஷாப்பில் சென்சாரை மாற்றச் சொன்னார்கள், எனக்கு மனசு ஒப்பவில்லை. எஞ்சின் ஆறியதும் புகைக்குழாயில் இந்தத் திரவத்தைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைக் கழற்றினால், நுனியில் உப்புப் பூத்தது போல வெள்ளையாகக் கட்டிதட்டியிருந்தது. ஆட்புளூவில் 32.5 சதவீதம் யூரியா, மீதி அயனி நீக்கிய தண்ணீர். தண்ணீர் ஆவியானால் யூரியா படிகமாக ஒட்டிக்கொள்ளும், அதிலும் என்னைப் போல எஞ்சின் சரியாகச் சூடேறாத குட்டி ஓட்டமே ஓட்டினால் கேட்கவே வேண்டாம். சுரண்டவில்லை, துளை கெட்டுவிடும். மின் இணைப்பு நனையாமல் நுனியை மட்டும் வெதுவெதுப்பான காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்தேன், சர்க்கரை மாதிரி கரைந்தது. புது கேஸ்கெட் போட்டு மாட்டி, ஸ்கேனரில் பிழைக் குறியீட்டை அழித்து, நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டியபின்தான் எச்சரிக்கை விளக்கு அணைந்தது.